ஆறு மா நிலமும் ஒரு மேயரும்

ஒட்டாவா
20.11.2022

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் தீபாவளிக்கு முன்பே வந்து சேர்ந்தது. போனில் பதில் சொல்லலாம் என்றால், போன் எப்போதும் அம்மா கையில்தான் இருக்கிறது. நம் வக்கீல் தம்பி ஊராட்சித் தலைவர் தேர்தலில் நிற்க ஆறு மா வயலை, அந்த இரண்டு ஏக்கரை, விற்கலாமா என்று அம்மாவுக்குத் தெரியாமல் நீங்கள் எழுதிக் கேட்டதற்கு அம்மா காதிலேயே எப்படிப் பதில் சொல்வது? இரவு வேலைக்கு மாறியதிலிருந்து பகல் முழுவதும் தூக்கத்தில் போய்விடுகிறது. இன்று விடுமுறை, உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் அம்மா கேட்டவை. சாப்பாட்டுக்குக் குறையில்லை. புழுங்கலரிசி கிடைக்கிறது, துவரம்பருப்பு கிடைக்கிறது. கறிவேப்பிலையை மட்டும் நகைக்கடையில் வாங்குவது போல் எண்ணி வாங்க வேண்டியிருக்கிறது. வேலையிடம் நன்றாகக் குளிரூட்டப்பட்டது. கையுறையும் தடித்த மேலங்கியும் அவர்களே தருகிறார்கள். இந்த வாரம் முதல் பனி விழுந்துவிட்டது. வீட்டில் ஹீட்டரைக் குறைத்துத்தான் வைக்கிறேன், அதிகச் சூடு உடம்புக்கு ஆகாது.

கீழ்வீட்டு இத்தாலியத் தாத்தா நலம். அவருக்கு முழங்கால் வலி, எனக்கு அவரால் தலைவலி. செப்டம்பர் முழுவதும் கார் ஷெட்டில் பெரிய அண்டாவை வைத்துத் தக்காளி காய்ச்சினார். என் போர்வை வரைக்கும் அந்த வாசனை. முன் வாசலில் ஓர் அத்திமரம் வைத்திருக்கிறார். ஊரிலிருந்து கொண்டுவந்த குச்சியாம். குளிர் வருவதற்கு முன் அதன் ஒரு பக்க வேரை வெட்டி, மரத்தைக் குழிக்குள் சாய்த்து, மேலே பலகையும் சாக்கும் போட்டு மண்ணால் மூடிவிடுகிறார். ஏப்ரலில் தோண்டி நிமிர்த்துவாராம். நம் மேலத்தெரு மாமா பார்த்தால், உயிரோடு இருக்கும் மரத்துக்குக் காரியம் செய்கிறானே என்று கத்துவார். நல்ல மனிதர்தான். வாடகை விஷயத்தில் தேதி பார்ப்பதில்லை. என் ரசத்தைக் குடித்துவிட்டுத் தும்முவார், பிறகு இன்னொரு கோப்பை கேட்பார்.

தம்பி விஷயத்துக்கு இந்தத் தாத்தா வழியாகத்தான் வர வேண்டும். வக்கீல்கள் அரசியலில் இறங்கினால் அந்த ஊரில் என்ன ஆகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். இந்த வீட்டில் குடியிருந்துகொண்டு அதைத் தெரிந்துகொள்ளாமல் தப்ப முடியாது. வாசலில் அத்திமரத்துக்குப் பக்கத்திலேயே பாப் சியாரெல்லி என்பவரின் தேர்தல் பலகையை நட்டு வைத்திருந்தார். அவரும் இத்தாலிய வம்சாவளி, இந்த ஊரில் பிறந்தவர், வக்கீல்.

1987-இல் ஒன்டாரியோ மாகாணச் சட்டமன்றத்துக்கு லிபரல் கட்சியில் ஜெயித்தார். பத்து வருடம் அந்தச் சட்டமன்றத்தில் உறுப்பினர். 1997-இல் அதை விட்டுவிட்டு ஒட்டாவா வட்டாரக் குழுவின் தலைவரானார். 2001 ஜனவரியில் சுற்றியிருந்த 11 நகராட்சிகளையும் அந்த வட்டாரக் குழுவையும் ஒன்றாக இணைத்துப் புது மாநகரம் ஆக்கினார்கள். அதற்கு முதல் மேயர் இவர்தான். அந்த வருடம் அக்டோபரிலேயே ஒரு ரயில் விட்டார். பழைய சரக்கு ரயில் பாதை, டீசல் வண்டி, 8 கிலோமீட்டர், 5 நிலையங்கள், அவ்வளவுதான். பெரிய திட்டம் போடாமல், கிடந்த தண்டவாளத்தில் வண்டியை ஓட்டிக் காட்டியதால்தான் ஊருக்கு ரயில் ஆசையே வந்தது என்பது தாத்தாவின் வாதம். எனக்கும் அது சரியென்றே படுகிறது. அந்தப் பாதையை நீட்டுகிறோம் என்று 2020-இலிருந்து மூடி வைத்திருக்கிறார்கள். பதிலுக்கு விடும் பஸ்ஸில்தான் நான் வேலைக்குப் போகிறேன்.

ஏற்றிவிட்டதும் ரயில், இறக்கிவிட்டதும் ரயில்தான். வடக்கு தெற்காக ஒரு பெரிய பாதை போட சீமென்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார். 2006 தேர்தலில் அதுவே பெரிய சண்டையாகி, பதவியில் இருந்த மேயர் மூன்றாம் இடத்துக்குப் போனார். புதிய மாநகர மன்றம் அந்த டிசம்பரிலேயே ஒப்பந்தத்தை ரத்து செய்தது. வழக்கு வந்து, 2009-இல் ஏறக்குறைய 3 கோடியே 70 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள். ஒரு கிலோமீட்டர் பாதை கூடப் போடாமல் அத்தனை பணம்! தாத்தா இதைச் சொல்லும்போது கையிலிருக்கும் கரண்டி எந்தப் பக்கம் பறக்கும் என்று தெரியாது.

2010-இல் ஜிம் வாட்சன் என்பவர் மேயர் தேர்தலில் நிற்பதற்காகச் சட்டமன்றப் பதவியை விட்டார். அந்தக் காலி இடத்தில் இந்த முன்னாள் மேயர் நின்று ஜெயித்தார். இடம் மாற்றிக்கொண்டது போல. பிறகு உள்கட்டமைப்பு அமைச்சர், போக்குவரத்து அமைச்சர், 2013-இலிருந்து மின்சாரமும் சேர்ந்த எரிசக்தித் துறை அமைச்சர். மின் கட்டணம் ஏறி ஜனங்கள் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில், மாகாண மின்சார நிறுவனத்தின் பங்குகளை 2015-இல் விற்கத் தொடங்கியதும் இவர் அமைச்சராக இருந்தபோதுதான். 2018-இல் கட்சிக்கே 7 இடங்கள்தான் கிடைத்தன, இவரும் தோற்றார். மின்சார பில் வரும் நாட்களில் தாத்தா தன் ஆளைப் பற்றிப் பேசமாட்டார். நானும் அந்த பில்லைப் பற்றிப் பேசுவதில்லை.

இந்த வருடம், 81 வயதில், மறுபடியும் மேயருக்கு நின்றார். தேர்தல் நாள் அக்டோபர் 24, நம் தீபாவளி. வேலை முடிந்து வந்து, நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் படுக்கலாம் என்று இருந்தேன். தாத்தா கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு கதவைத் தட்டினார். முழங்காலுக்குத் துணை வேண்டுமாம். எனக்கு ஓட்டு கிடையாது, குடியுரிமை பெற்றவர்களுக்குத்தான். ஈரத்தலையோடு கூடப் போனேன். ஒலிபெருக்கி இல்லை, பந்தல் இல்லை, விரலில் மை இல்லை. காகிதச் சீட்டை நிரப்பி ஓர் இயந்திரத்தில் நுழைத்துவிட்டு வருகிறார்கள். மேயருக்கு மனுச் செய்ய 200 டாலரும் 25 வாக்காளர் கையெழுத்தும் போதும். நகரத் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது. ஒரு வேட்பாளருக்கு ஒருவர் 1,200 டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது, கம்பெனிகள் கொடுக்கவே கூடாது. தம்பி இதையெல்லாம் கேட்டால் அங்கேயே வந்து நிற்கிறேன் என்பான்.

அன்றிரவு முடிவு வந்தது. மார்க் சட்க்ளிஃப் என்ற பத்திரிகைக்காரர் பாதிக்கு மேல் வாங்கி ஜெயித்தார். நம் ஆளுக்கு மூன்றாம் இடம், 5 சதவீதம் அளவுக்கு ஓட்டு. தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. அத்திமரத்தைப் புதைத்தபோது அந்தத் தேர்தல் பலகையைத்தான் குழியின் மேல் போட்டு மூடினார். பிளாஸ்டிக், தண்ணீர் இறங்காது.

தம்பி ராஜாஜியைச் சொல்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். சேலம் நகராட்சித் தலைவராக இருந்து சென்னை மாகாணத்தின் பிரதமராகவே வந்தாரே என்கிறானாம். சரிதான். ராஜாஜி முதலில் சேலத்தில் பெயரெடுத்த வக்கீல். நம் பிள்ளை இன்னும் மன்னார்குடி நீதிமன்றத்தில் சீனியருக்கு வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறான். இந்த ஊர்க்காரரையும் பார்க்கட்டும். 35 வருடத்தில் எத்தனை ஏற்றம், எத்தனை இறக்கம். தோற்ற மறுநாள் காலையில் எழுந்து போக ஓர் இடம் வேண்டாமா? அவனுக்கு அந்த இடம் சீனியர் அலுவலகம்தான். ஊராட்சித் தலைவர் தேர்தலில் நிற்க ஆசைப்பட்டால் நிற்கட்டும், நான் குறுக்கே விழவில்லை. அதற்கும் கட்சிச் சின்னம் கிடையாது, ஊரில் நல்ல பெயர் இருந்தால் போதும். ஆனால் ஆறு மா நிலத்தை விற்று நிற்க வேண்டாம். விற்றால் அது தேர்தல் செலவு இல்லை, சூதாட்டம்.

இப்போது நாலரை மணி, இருட்டிவிட்டது. இங்கே இது விளக்கேற்றும் நேரம். உங்களுக்கு விடியற்காலை மூன்று, எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். விளக்கை ஏற்றிவிட்டு யாரிடமும் பேச முடியாத நேரம் இது. நேற்று என்னை அறியாமல் “அம்மா, பின்கதவைச் சாத்து, கொசு வரும்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பின்கதவும் இல்லை, கொசுவும் இல்லை. அங்கே மழை எப்படி? பாமணி ஆற்றில் தண்ணீர் ஏறியிருக்கும். வாய்க்கால் மேட்டில் நின்று வயலைப் பார்த்தால் இப்போது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதை எழுத வேண்டாம். எழுதினால் டிக்கெட் விலை பார்க்க உட்கார்ந்துவிடுவேன்.

இனி வேலை. நம் தாத்தா பெயரில் இருக்கும் நிலப் பட்டாவை முதலில் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். வாரிசுச் சான்றுக்குத் தம்பியையே தாலுகா அலுவலகத்துக்கு அனுப்புங்கள். ஊராட்சித் தலைவராக வருகிறவன் அங்கே எத்தனை முறை நடக்க வேண்டியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளட்டும். வடுவூர் பெரியம்மாவும் அத்தையும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அத்தையிடம் நீங்கள் நேரில் போய்ச் சொல்லுங்கள், போனில் சொன்னால் கோபித்துக்கொள்வாள். கூட்டுறவு வங்கியில் வைத்த அம்மாவின் சங்கிலிக்கு வட்டி கட்டும் நாள் நெருங்குகிறது. இந்த மாதப் பணம் சற்றுத் தாமதமாக வரும், வங்கியில் ஏதோ படிவம் கேட்கிறார்கள். அதுவரை மேலத்தெரு மாமாவிடம் வாங்கிக் கட்டிவிடுங்கள், நான் அவருக்குத் தனியாக அனுப்பிவிடுகிறேன். அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சையைத் தை வரை தள்ள வேண்டாம், தஞ்சாவூருக்குத் தங்கையைக் கூட அழைத்துப் போங்கள். மாப்பிள்ளை போட்டோ விஷயம் எனக்கு இப்போது வேண்டாம், தங்கைக்குப் பாருங்கள் என்று அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

நிலம் பற்றிய பக்கத்தைத் தம்பிக்கு மட்டும் படித்துக் காட்டிவிட்டுக் கிழித்துப் போடுங்கள். மீதியை அம்மாவிடம் கொடுக்கலாம்.

உங்கள் மூத்த மகள்