'புரிந்ததா?' என்று கேட்டால் தலைதான் ஆடும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பல்கலைக்கழக விரிவுரைகளில் நம் மாணவர்கள் வாயே திறப்பதில்லை என்று சென்ற ஞாயிறு பதிப்பில் ஒரு வாசகர் வருத்தப்பட்டிருந்தார். இதே பிள்ளைகள் மாமாக் சாப்பாட்டுக் கடையில் ஒரு தே தாரிக் டீயை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசுவதை அவர் பார்த்ததில்லை போலும். பேசத் தெரியாமல் இல்லை. எண்பது பேர் முன்னால் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற கூச்சம், அவ்வளவுதான்.

கோலாலம்பூரில் பதினோரு ஆண்டுகளாகப் பகுதி நேரமாகப் புள்ளியியல் நடத்துகிறேன். "புரிந்ததா?" என்று கேட்பேன், எல்லாத் தலையும் ஆடும். விடைத்தாள் திருத்தும்போதுதான் ஆடிய தலைகளின் கதை தெரியும்.

இப்போது வேறு மாதிரி கேட்கிறேன். ஒரு கடையில் நான்கு பேருக்குத் தலா 2,000 ரிங்கிட் சம்பளம். முதலாளி எடுத்துக்கொள்வது 20,000. சராசரி 5,600; வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்கும் எண், அதாவது மீடியன், 2,000. முதலாளி தன் பங்கை 30,000 ஆக்கிக்கொண்டால் எது மாறும்? சராசரியா, மீடியனா, இரண்டுமா? முதலில் யாரோடும் பேசாமல் கை தூக்க வேண்டும். போன செமஸ்டரில் பாதிக்கு மேல் 'இரண்டும்' என்றார்கள். நான் விடை சொல்லவில்லை. "வேறு விடைக்குக் கை தூக்கியவர் பக்கத்தில் இருந்தால் பிடித்து உங்கள் கட்சிக்கு இழுங்கள், இரண்டு நிமிடம்" என்றேன். மண்டபம் சந்தையாகிவிட்டது. மலாய், ஆங்கிலம், சீனம், அப்புறம் கடைசி வரிசையில், "டேய், நடுவுல நிக்கிறவன் எங்கடா நகர்ந்தான்?" என்று தமிழ். மறுபடி கை தூக்கச் சொன்னபோது 'இரண்டும்' என்றவர்கள் ஏழெட்டுப் பேர்தான். அந்தக் கடைசி வரிசைப் பையனைவிட நன்றாக நான் விளக்கியிருக்க முடியாது.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஹார்வர்ட் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1990களிலேயே நடத்திக் காட்டியது.

சிக்கல் வேறு இடத்தில். அதே ஹார்வர்டில் செய்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படித் தாங்களே விவாதித்துக் கற்ற மாணவர்கள் சோதனையில் கூடுதலாக வாங்கினார்கள். ஆனால் சும்மா உட்கார்ந்து கேட்ட விரிவுரையில்தான் அதிகம் கற்றதாக நினைத்தார்கள். இங்கே என் போன்றவர்களின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, செமஸ்டர் முடிவில் மாணவர்கள் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவத்தைத்தான் எடுத்து வைக்கிறார்கள். மூளைக்கு வேலை கொடுத்தால் படிவத்தில் ஆசிரியருக்கு விழும் மதிப்பெண் குறையும் என்றால் யார் கொடுப்பார்கள்? நிர்வாகங்கள் இதை யோசிக்க வேண்டும். போதாக்குறைக்கு, பதினான்கு வாரமும் முடிந்து பிள்ளைகள் கிளம்பிய பிறகு அந்தப் படிவம் என் கைக்கு வந்து யாருக்கு என்ன லாபம்?

சரி, நிர்வாகம் மாறும்வரை நான் ஐந்தாம் வாரத்தில் அரைத்தாள் ஒன்று கொடுக்கிறேன். பெயர் எழுத வேண்டாம். எங்கே வழி தவறியது, நான் எதை மாற்ற வேண்டும் என்று இரண்டே கேள்வி. பாடம் கடினம் என்று எழுதுவார்கள் என எதிர்பார்த்தேன். ஒன்பது பேர் எழுதியது: "பலகையைச் சீக்கிரம் அழித்துவிடுகிறீர்கள்." பதினோரு வருடமாக யாரும் சொன்னதில்லை. இப்போது அழிப்பானைக் கையில் எடுக்கும்போதே "எழுதியாச்சா?" என்று கேட்கிறேன். "இன்னும் இல்லை சார்" என்று பதில் வருகிறது, அதுவும் சத்தமாக.

பகுதி நேர விரிவுரையாளர்,
செந்தூல், கோலாலம்பூர்