எந்தப் பிரச்சினையை ஆய்வுக்கு எடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

நகர்ப்புற வார்டுகளில் மக்கள் தங்கள் பகுதிப் பிரச்சினைகளைக் கூடிப் பேச வழிசெய்யும் வார்டு குழு, பகுதி சபை விதிகள் 2022-ல் வந்த பிறகு, குடியிருப்போர் சங்கங்கள் சில, மனு கொடுப்பதோடு நிற்காமல் ஒரு பிரச்சினையை முறையாக ஆராய்ந்து பேச முன்வருகின்றன. மனதார வரவேற்கிறோம். ஆனால், எதை ஆராய்வது என்பதிலேயே பல குழுக்கள் தடுமாறிவிடுகின்றன.

'குடிநீர்', 'குப்பை' என்று தலைப்பு வைத்தால் வேலை முடியவே முடியாது. தெருவில் மழைநீர் தேங்குவதை எடுத்துக்கொள்வோம். வடிகாலில் வண்டல் அடைத்திருக்கிறதா? வடிகாலின் வாய் சாலையைவிட உயரத்தில் இருக்கிறதா? பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே சாலை போட்டதில் வாய் மூடிப்போனதா? மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. நேரான ஒரு கம்பு, ரசமட்டம், டேப் இருந்தால் அரை நாளில் தெருவையே அளந்துவிடலாம். சுரண்டிய பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியிருக்கிறார். எனவே மூன்றாவதுதான் காரணம் என்றால், எதைக் கேட்பது என்பதும் தெளிவாகிவிடும்.

தலைப்பை உறுதி செய்யும் முன் 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு தகவல் உரிமை மனு போட்டுப் பாருங்கள். அந்தச் சாலையின் கடைசிப் பணி உத்தரவையும், 'எம் புக்' எனப்படும் அளவுப் புத்தகத்தின் பக்கங்களையும் கேளுங்கள். சுரண்டியதாகக் கணக்கு எழுதியிருக்கிறார்களா என்பது அதில்தான் தெரியும். பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு மேலும் 30 முதல் 45 நாள். மாநகராட்சி பட்ஜெட்டோ ஏப்ரலுக்கு முன்பே முடிந்துவிடும். நிதி கேட்கும் ஆய்வு டிசம்பருக்குள் கையில் இருக்க வேண்டுமென்றால், ஆகஸ்டிலேயே தலைப்பு முடிவாக வேண்டும். சாலை மாநகராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். இடம் மாறிப் போன அறிக்கையை யாரும் படிப்பதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய கோளாறு, கூட்டத்தில் கை தூக்கச் சொல்லித் தலைப்பைத் தேர்ந்தெடுப்பது. சந்தா கட்டும் உறுப்பினர்கள் பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்கள். கார் நிறுத்தும் இடம்தான் ஜெயிக்கும். வாடகைக்கு இருப்பவர்கள், தள்ளுவண்டி வியாபாரிகள், லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் பெண்கள் அங்கே இருக்கவே மாட்டார்கள். தண்ணீர் லாரி வரும் நேரத்தில் அங்கேயே போய்த் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி, உறுப்பினர்களின் சீட்டோடு ஒரே பெட்டியில் போட்டு எண்ணுங்கள். எழுதத் தெரியாதவர் சொல்வதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு தலைப்பு போதும். மற்ற சீட்டுகளைப் பதிவேட்டில் ஏற்றி வைத்தால் அடுத்த ஆண்டு அதிலிருந்து தொடங்கலாம்.

மாநகராட்சிகளுக்கும் ஒரு கோரிக்கை. ஒவ்வொரு பகுதி சபைக்கும் 15 நாள் முன்பே, அந்த வார்டின் பணி உத்தரவுகளை வார்டு அலுவலக வாசலில் ஒட்டிவையுங்கள். மேலே சொன்ன மனுவுக்கே தேவை இருக்காது.

– வார்டு ஆய்வுப் பணியில் ஈடுபட்டுள்ள குடியிருப்போர், சென்னை