கடலுக்குப் பயந்தவனுக்குப் பத்துப் புள்ளி

வெள்ளவத்தையில் ஞாயிறு பின்னேரங்களில் எங்களுக்கு மேசையில் கதை சொல்லி, ஆளுக்கொரு பாத்திரமாக ஆடவைக்கும் டீஎம்மாருக்கு (டன்ஜன் மாஸ்டர்களுக்கு),

அடுத்த கதையில் பாத்திரங்களுக்கு விசேஷ வலிமைகள் தரப்போகிறீர்கள், பதிலுக்கு ஆளுக்கொரு பலவீனம் எடுக்க வேண்டும் என்று கேள்விப்பட்டேன். நல்ல விஷயம். முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். போன கதையில் ‘கடலைக் கண்டால் பயம்’ என்று எழுதிப் பத்துப் புள்ளி வாங்கியவன் நான்தான். கதை முழுக்க மலையில் நடந்தது. எட்டு மாதம் ஆடியும் என் வீரன் ஒரு குளத்தைக்கூடக் காணவில்லை. இத்தனைக்கும் நாங்கள் ஆடிய மேசைக்கு அலைச்சத்தம் கேட்கும்! அந்தப் பத்தையும் வாள்வீச்சில் போட்டேன். மற்றவர்களுக்கு அடிக்க எதிரி மிஞ்சவில்லை.

1986இல் வந்த கர்ப்ஸ் முதல் எத்தனையோ ஆட்டங்களில் இதே வழக்கம்தான்: பாத்திரம் உருவாக்கும்போதே பலவீனத்துக்குப் புள்ளி. கஷ்டம் பிறகு வந்தால் வரும். ஃபேட் என்ற ஆட்டத்தில் அப்படியில்லை. பலவீனம் குறுக்கே வந்து காரியத்தைக் கெடுக்கும்போதுதான் புள்ளி கைக்கு வரும். வேலை செய்தால் கூலி. எங்களுக்கு இதுதான் சரி.

வலிமையோடு சேர்ந்தே விலையும் வருவது இன்னும் நல்லது. ஷேடோரன் ஆட்டத்தில் எசன்ஸ், அதாவது பாத்திரத்தின் உயிர்ச்சத்து, 6இல் தொடங்கும். இயந்திரக் கை, இயந்திரக் கண் என்று பொருத்தப் பொருத்த அது குறையும். மந்திரவாதியென்றால் மந்திரமும் கூடவே போகும். டீஎம் மறந்தாலும் பாத்திரத்தின் கணக்கு எழுதிய தாள் மறக்காது. இராவணன் வரம் கேட்டபோது மனிதரைக் கணக்கில் எடுக்காமல் விட்டானே, அதுபோலத்தான். ஓட்டை வரத்துக்குள்ளேயே இருந்தது.

ஆனால் விலை கூடினாலும் ஆட்டம் கெடும். டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஆட்டத்தின் 2014 விதிகளில் பெர்சர்க்கர் என்ற வகை வீரன் வெறிகொண்டு சண்டை போட்டால், வெறி அடங்கியதும் ஒரு படி களைப்பு ஏறும். ஆறாம் படி மரணம். எங்கள் மேசையில் அந்த வெறியை வெளியில் எடுத்தவரே குறைவு. 2024 விதிகளில் அந்தக் களைப்பை எடுத்தே விட்டார்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ‘கை சும்மா இராது, திருடுவான்’ என்ற பலவீனத்தைத் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். போன முறை ஒருவர் அரண்மனையில் கைவைத்ததால் இரண்டு ஞாயிறு முழுக் குழுவும் சிறையில் கிடந்தது. புள்ளி அவருக்கு, மறியல் எங்களுக்கு. பலவீனம் எடுத்தவரைத்தான் அது முதலில் கடிக்க வேண்டும்.

ஆகவே பாத்திரத் தாளைப் பார்க்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பலவீனம் முதல் மூன்று ஆட்டத்துக்குள் எங்கே குறுக்கே வரும்? பதில் இல்லையென்றால் வலிமையும் இல்லை.

என்னுடைய கடல் பயத்தை நான் மாற்றப்போவதில்லை. கதையைத் துறைமுகத்தில் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஜன்னலோரக் கதிரைக்காரன்