கில் மைனஸ் 9 கடைசியில்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

கணினிப் பக்கத்தில் லினக்ஸ் பற்றி எழுதுகிறீர்கள், சந்தோஷம். ஆனால் சென்ற வாரம் 'புரோகிராம் ஹேங் ஆனால் டாப் கட்டளையில் அதன் எண்ணைப் பார்த்து, கில் மைனஸ் 9 கொடுங்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

கில் என்பது ஓடுகிற புரோகிராமுக்கு ஒரு சிக்னலை, அதாவது எண்ணிட்ட ஒரு உத்தரவை, அனுப்பும் கட்டளை. 9 இல்லாமல் வெறும் கில் போட்டால் போவது 15ஆம் சிக்னல், அதாவது சிக்டெர்ம். கடையை எடுத்துவைத்துவிட்டுக் கிளம்பு என்று சொல்வது போல. ஒழுங்காக எழுதப்பட்ட புரோகிராம் அதைக் கேட்டதும் எழுத வேண்டியதை எழுதி, தற்காலிக ஃபைல்களை அழித்துவிட்டு வெளியேறும். 9ஐ எந்த புரோகிராமும் தடுக்க முடியாது, அதற்கு அது வந்ததே தெரியாது, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே கதையை முடித்துவிடும். பாதி எழுதிய ஃபைல் பாதியில் நிற்கும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் யாரோ ஒருவருடைய இணைப்பு இழுக்கிறது என்று அதற்காக ஓடுகிற அந்த ஒரு ப்ராசஸை (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை) மட்டும் 9 போட்டுப் பாருங்கள், மற்ற எல்லோருடைய இணைப்பையும் அறுத்துவிட்டு மொத்த சர்வரும் ரிகவரிக்கு, அதாவது தன்னைச் சரிசெய்துகொள்ளும் வேலைக்குப் போய்விடும். அலுவலக நேரத்தில் இது நடந்தால் யார் பதில் சொல்வது? அதனால் முதலில் வெறும் கில், கொஞ்சம் பொறுத்திருந்து பார்த்து, அசையவே இல்லை என்றால் மட்டும் 9 என்று ஒரு திருத்தம் போடுங்கள்.

சில நேரம் கொல்லவே தேவையில்லை. கணினியை மெதுவாக்குகிற வேலைக்கு முன்னுரிமையை மாற்றும் ரீநைஸ் கட்டளையால் 19, அதாவது மிகக் குறைந்த முன்னுரிமை, கொடுத்தால் அது சிபியுவில் மற்றவற்றுக்கு வழிவிட்டு ஓரமாக ஓடும்.

அப்புறம், 9 போட்டும் சாகாத ப்ராசஸ்கள் உண்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் ஏயூஎக்ஸ் கட்டளையை அடித்தால் வருகிற ஸ்டேட் (STAT) பத்தியைப் பாருங்கள். அங்கே 'இசட்' என்றிருந்தால் அது ஏற்கெனவே செத்தது, ஜாம்பி; அதைத் தொடங்கிய தாய் ப்ராசஸ் வந்து கணக்கை முடிக்காததால் பெயர் மட்டும் பட்டியலில் நிற்கிறது, கவனிக்க வேண்டியது தாயைத்தான். 'டி' (D) என்று பெரிய எழுத்தில் இருந்தால் பெரும்பாலும் டிஸ்கிலிருந்தோ நெட்வொர்க் டிரைவிலிருந்தோ பதில் வராமல் கெர்னலுக்குள் காத்திருக்கிறது, நீங்கள் எத்தனை முறை கில் அடித்தாலும் பயனில்லை, போய் அந்த டிஸ்கைப் பாருங்கள். இந்த ஸ்டேட் பத்தியைப் படிப்பது எப்படி என்று தனியாக ஒரு வாரம் எழுதினால் எங்களைப் போல சர்வர் பார்க்கிறவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி