நூறு தெனாரியக் கணக்கு: எங்கள் ஊர்க் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

ஊர்க் கமிட்டித் தலைவர், செயலாளர், பொருளாளர், பெரியவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உங்களில் பாதிப் பேர் எனக்கு மச்சான் முறை, மீதிப் பேர் பங்காளிகள். திண்ணையில் உட்கார்ந்து பேச வேண்டியதை ஊரறிய எழுதுகிறேன் என்று கோபம் வரும். நம் ஊர் விசைப்படகுக்காரர் ஒருவர் வீட்டின்மேல் நாம் வைத்திருக்கும் ஊர் விலக்கை எடுத்துவிடுங்கள் என்று திண்ணையில் இரண்டு முறை பேசிப் பார்த்தேன். "கூட்டத்தில் எடுத்த முடிவு, கூட்டத்தில்தான் மாற்ற முடியும்" என்றீர்கள். அதற்குப் பிறகு கூட்டமே போடவில்லை.

நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். விசைப்படகுக்கு உரிய நாள் அல்லாத ஓர் இரவில் அவர் படகை எடுத்துப்போனார். கரையோரம் விட்டிருந்த நண்டு வலைகளை அவருடைய மடி, அதாவது படகு இழுத்துச் செல்லும் பெரிய வலை, இழுத்து அறுத்தது. அந்த வலைகள் என் தம்பி மகனுடையவை. கடன் வாங்கிப் போட்ட வலை; நகையும் அடகில் இருந்தது. கமிட்டி அபராதம் போட்டபோது அவர் வாய்க்கு வந்தபடி பேசினார். அன்றே ஊர் விலக்கு என்று முடிவானது. கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். என் கை மற்றவர்களுடையதைவிட உயரமாகவே இருந்திருக்கும்.

மூன்று மாதம் கழித்துப் பாதித் தொகையோடு அவர் வந்து நின்றார். "கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், மீதியைத் தந்துவிடுகிறேன்" என்றார். முழுப் பணமும் வேண்டும், ஊர்க்காலில் விழவும் வேண்டும் என்று திருப்பி அனுப்பினோம். இப்போது பதினொரு மாதம் ஆகிறது. அவருடைய மீனை ஏலத்தில் யாரும் கேட்பதில்லை. வேறு துறைக்குக் கொண்டுபோய்க் கிடைத்த விலைக்குக் கொடுக்கிறார். ஐஸ் கிடையாது, கடலுக்கு ஆள் கிடையாது. குழாயடிக்கு அவர் மனைவி வந்தால் மற்ற பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறு திருப்பலியில், "ஒருவருக்கொருவர் சமாதானம் அறிவித்துக்கொள்வோம்" என்று பங்குத்தந்தை சொன்னபோது, பின்வாசல் ஓரத்தில் அவரும் அவருடைய ஒன்பது வயது மகனும் நின்றிருந்தார்கள். நான் அவர்களுக்கு முன்வரிசை. அந்தப் பையன் கை கூப்பி என்னைப் பார்த்தான். நான் பார்க்காதவன்போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சற்று நேரத்தில் போய் நற்கருணையும் வாங்கினேன். காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்று இயேசு சொன்னதைச் சிறுவயதில் மனப்பாடம் செய்தவன் நான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த மடல் அந்த இரவில் தொடங்கியது.

செயலாளர் அவர்கள் அன்றைய கூட்டத்தில் மத்தேயு 18-ஆம் அதிகாரத்தைச் சொன்னார்கள்: திருச்சபைக்கும் செவிசாய்க்காதவன் உங்களுக்கு வேற்று இனத்தவன் போலவும் வரிதண்டுபவன் போலவும் இருக்கட்டும். வசனம் உண்மைதான். ஆனால் அதை எழுதிவைத்த நற்செய்தி யாருடைய பெயரால் வழங்குகிறது? சுங்கச்சாவடியில் உட்கார்ந்து வரி தண்டிய மத்தேயுவின் பெயரால். அந்தச் சாவடியிலிருந்துதான் இயேசு அவரை அழைத்தார். வரிதண்டுபவர்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்டார். வரிதண்டுபவனை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு அவரே காட்டிய முறை அதுதான். தண்ணீர்க் குழாயை மூடச் சொல்லி எங்கும் எழுதவில்லை.

மேலும், அந்த வசனத்தோடு அதிகாரம் முடிந்துவிடவில்லை. மூன்று வசனம் தாண்டியதும் பேதுரு கேட்கிறார்: என் சகோதரன் எனக்கு எதிராகப் பாவம் செய்தால் எத்தனை முறை மன்னிப்பது, ஏழு முறையா? அதற்கு விடையாகத்தான் இரண்டு கடனாளிகளின் உவமை வருகிறது. அரசனிடம் ஒருவன் பத்தாயிரம் தாலந்து கடன்பட்டிருந்தான். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறத்தாழ ஆறாயிரம் தெனாரியம். ஆகக் கடன் ஆறு கோடி நாள் கூலி. ஒரு மனிதன் எத்தனை பிறவி எடுத்து உழைத்தாலும் அடைக்க முடியாதது. அரசன் இரங்கி அத்தனையையும் தள்ளுபடி செய்தான். வெளியே வந்தவன், தன்னிடம் நூறு தெனாரியம் கடன்பட்ட உடன்பணியாளனின் கழுத்தை நெரித்தான்.

நூறு தெனாரியம் அற்பத் தொகை என்று இயேசு சொல்லவில்லை. அது மூன்று மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு. என் தம்பி வீட்டில் அந்த மூன்று மாதம் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். ஆகவே வலை போனது சிறு விஷயம் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். நானும் உங்களிடம் சொல்ல மாட்டேன். அந்த உவமையில் என்னைக் குத்துவது வேறொன்று. இரண்டு கடனாளிகளும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள்: "என்னைப் பொறுத்தருள்க, திருப்பித் தந்துவிடுகிறேன்." நம் முன்னால் நின்று அவர் சொன்னதும் அதே சொல். "எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பது போல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்" என்று நாள்தோறும் நாம் சொல்வதும் அதே சொல்.

நமக்குப் பத்தாயிரம் தாலந்துக் கணக்கு எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். கச்சத்தீவில் இருக்கிறது. ஆண்டுதோறும் அந்தோணியார் திருவிழாவுக்கு இங்கிருந்தும் யாழ்ப்பாணக் கரையிலிருந்தும் படகுகள் போகின்றன. ஒரே சிலுவைப்பாதையில் நடக்கிறோம், ஒரே பீடத்தின் முன் நிற்கிறோம். பக்கத்தில் நிற்கும் அந்தத் தமிழனின் வலையை இரவில் அறுத்துக்கொண்டு போவது யாருடைய இழுவை மடி? நம்முடையது. இழுவைமடித் தொழிலுக்கு இலங்கை 2017-இல் சட்டம் போட்டுத் தடை விதித்த பிறகும் நம் கரைப் படகுகள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. நம் பிள்ளைகள் அங்கே சிறைப்பட்டால் இரக்கம் காட்டுங்கள், படகை விடுங்கள் என்று மனுக் கொடுக்கிறோம். கேட்பது சரி, கேட்கத்தான் வேண்டும். அங்கே அறுந்த வலைகளுக்கு இரக்கம் கேட்டுக்கொண்டு, இங்கே அறுந்த வலைக்கு ஒரு குடும்பத்தின் கழுத்தைப் பிடித்திருக்கிறோம்.

"அபராதத்தைக் கட்டாமல் விட்டால் நாளைக்கு ஆளாளுக்குக் கிளம்புவான்" என்று தலைவர் சொன்னது எனக்குப் புரிகிறது. ஈடு கட்டத்தான் வேண்டும். சக்கேயு என்ற வரிதண்டுபவனும் கட்டினான், ஏமாற்றியதற்கு நான்கு மடங்கு தருகிறேன் என்றான். ஆனால் எப்போது சொன்னான்? ஊரே முணுமுணுக்க, இயேசு அவன் வீட்டுக்குள் நுழைந்த பிறகு. "இன்று இந்த வீட்டிற்கு மீட்பு உண்டாயிற்று" என்கிறார் ஆண்டவர். வீட்டிற்கு என்கிறார். நம்முடைய விலக்கும் வீட்டின்மேல்தான் விழுந்திருக்கிறது, மடி இழுக்காத மனைவியின்மேலும் மகன்மேலும்.

காலில் விழும் நிபந்தனையைப் பற்றி. மூன்று முறை மறுதலித்த பேதுருவை உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் சந்தித்தார். கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்து, "உணவருந்த வாருங்கள்" என்றார். சாப்பிட்ட பிறகுதான் கேள்வி. கேட்டதும் "என்மீது அன்பு செலுத்துகிறாயா" என்று மட்டும். மற்றவர்கள் காலில் விழச் சொல்லவில்லை. பேதுருவும் நம்மைப் போல வலை இழுத்த மனிதர்தான். தன்னைத் துன்புறுத்திய ஊருக்கே திரும்பி வந்தவர் நம் மண்ணிலும் ஒருவர் இருந்தார். 1686-இல் சித்திரவதைப்பட்டு இந்த மறவர் சீமையை விட்டு வெளியேற்றப்பட்ட குரு அருளானந்தர், அதே சீமைக்குத் திரும்பி வந்து 1693-இல் ஓரியூரில் தலையைக் கொடுத்தார். அந்தச் செம்மண்ணை எடுத்து நெற்றியில் பூசுகிறோமே, பெரியவர்களே.

ஏப்ரல் 15-இல் தடைக்காலம் தொடங்குகிறது. 61 நாள் விசைப்படகுகள் தொழிலுக்குப் போக முடியாது. ஏற்கெனவே ஒடிந்த வீடு அது. பெரிய வெள்ளிக்கு முன்பு ஒரு கூட்டம் போடுங்கள். விலக்கை எடுத்துவிடுங்கள். அவர் கொண்டுவந்த பாதிப் பணத்தை வாங்கி, ஊர்க் கணக்கில் சேர்க்காமல் வலை இழந்தவனிடம் கொடுங்கள். மீதியைத் தடைக்காலம் முடிந்து தவணையாக வாங்கிக்கொள்ள என் தம்பி மகன் சம்மதித்துவிட்டான். அவனும் எளிதில் சம்மதிக்கவில்லை. பத்து நாள் என்னோடு பேசாமல் இருந்துவிட்டுத்தான் வந்து சொன்னான்.

வரும் ஞாயிறு நான் பின்வாசல் ஓரத்தில், அவருக்கும் அந்தப் பையனுக்கும் பக்கத்தில் நிற்பேன். விலக்கு வைத்த வீட்டாரோடு பேசினால் அபராதம் என்ற விதி இன்னும் இருக்கிறது என்பது தெரியும். என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள், கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
அன்று கை தூக்கியவர்களில் ஒருவன்