சலிக்காத சமாசாரங்கள்

அன்பு மகளுக்கு,

போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்ல வரவில்லை. எழுதினால்தான் எனக்குக் கோவையாக வரும், உனக்கே தெரியும். நல்ல வேலை, நல்ல வீடு, குறை என்று சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சும்மா உட்கார்ந்தால் எல்லாம் சப்பென்று இருக்கிறது, நீங்கள் இரண்டு பேரும் மட்டும் எங்கேயும் போகாமல் எதையும் வாங்காமல் வீட்டையும் தோட்டத்தையும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டு எப்படி நிம்மதியாக இருக்கிறீர்கள் என்றாய். கேட்டதில் கொஞ்சம் கிண்டலும் இருந்தது. இருக்கட்டும்.

போதுமென்ற மனமே பொன்செய்யும் மருந்து என்று ஆரம்பிக்கப் போகிறேன் என்று பயப்படாதே. பெரியவர்கள் சின்னவர்களிடம் அதைச் சொல்வது பெரும்பாலும் வாயை அடைக்கத்தான். நீ வேலையில் மேலே போக ஆசைப்படுவதிலோ பெரிய வீடு வேண்டும் என்பதிலோ எனக்கு மறுப்பே இல்லை, சொல்லப்போனால் பெருமைதான். நான் சொல்ல வருவது, அந்தக் கணக்கு வேறு, அன்றாடச் சந்தோஷத்தின் கணக்கு வேறு. ஒன்றில் போட்டதை இன்னொன்றிலிருந்து எடுக்கப் பார்க்கிறாய், அதனால்தான் கை வெறுமையாக வருகிறது.

இது நானாகச் சொல்வது இல்லை. 1978-ல் அமெரிக்காவில் லாட்டரியில் பெரும் பரிசு விழுந்த 22 பேரிடம் சில ஆராய்ச்சியாளர்கள் கேள்வி கேட்டார்கள். நண்பரோடு பேசுவது, ஒரு ஜோக் கேட்பது, யாராவது பாராட்டுவது, பத்திரிகை புரட்டுவது, இந்த மாதிரி அன்றாட விஷயங்கள் எவ்வளவு சந்தோஷம் தருகின்றன என்று. பரிசு விழுந்தவர்கள் போட்ட மதிப்பெண், பரிசே விழாத சாதாரண ஜனங்கள் போட்டதைவிடக் குறைவு. 22 பேர் என்பது சின்னக் கூட்டம்தான், அதை வைத்துப் பணம் வந்தால் சந்தோஷம் போய்விடும் என்று பேசித் திரிகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2020-ல் ஸ்வீடனில் ஆயிரக்கணக்கான பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று வெளியானது. பெரிய பரிசு வாங்கியவர்களுக்கு வாழ்க்கையைப் பற்றிய திருப்தி பத்து வருடத்துக்கு மேலும் கூடியே இருந்தது, ஆனால் அன்றாட மகிழ்ச்சியும் மனநலமும் அந்த அளவுக்கு உயரவில்லை. நான் சொன்ன இரண்டு கணக்கும் அதில் தனித்தனியாகத் தெரிகிறது பார். உன் வேலையும் வீடும் முதல் கணக்கில் பத்திரமாக இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்கு அதிலிருந்து ஒன்றும் எடுக்க முடியாது.

சரி, இரண்டாவது கணக்கில் என்ன போடுவது? இதில் எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. மாறாமல் இருப்பது எதுவானாலும் கொஞ்ச நாளில் கண்ணில் படாமல் போய்விடும். நீ ஆசை ஆசையாக வாங்கினாயே அந்த சோபா, வந்த வாரம் முழுக்க அதைப் பற்றியே பேசினாய், இப்போது அதன் நிறம் என்ன என்று கேட்டால் ஒரு நிமிஷம் யோசிப்பாய். சோபா மேல் தப்பில்லை, அது நேற்று இருந்த மாதிரியே இன்றும் இருக்கிறது, அவ்வளவுதான். தொட்டிச் செடி அப்படி இல்லை. நேற்று மொட்டு, இன்று பூ, நாளைக்கு இலையில் பூச்சி. சில நாள் வயிற்றெரிச்சலைக் கிளப்பும், ஆனால் ஒரு நாளும் நேற்றைய மாதிரி இருக்காது. எனக்குச் சலிக்காமல் இருப்பதற்கு என் மனப்பக்குவம் ஒன்றும் காரணமில்லை, எதிரே இருப்பது மாறிக்கொண்டே இருக்கிறது.

தக்காளிச் செடியையே எடுத்துக்கொள். அதன் பூவைப் பார்த்திருப்பாய், மஞ்சள் இதழ்கள் பின்னால் மடிந்து நடுவில் கூம்பு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். மகரந்தம் அந்தக் கூம்புக்குள்ளே இருக்கிறது. உப்புக் குப்பியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, குலுக்கினால்தானே கொட்டும், அப்படித்தான் இதுவும், யாராவது உலுக்க வேண்டும். காற்று கொஞ்சம் உலுக்கும். தேனீக்கு அந்த வித்தை தெரியாது. ஆனால் மரத்தைத் துளைத்துக் கூடு வைக்குமே, கறுப்பாய்ப் பெரிசாய், அந்த வண்டுக்குத் தெரியும். வந்து பூவைக் கட்டிப் பிடித்துத் தொங்கும், பறப்பதற்கான தசைகளை மட்டும் அதிரவிடும், இறக்கை சும்மா இருக்கும். அப்போது அதன் ரீங்காரம் சட்டென்று சுருதி மாறி மேலே ஏறுவதைக் கேட்க வேண்டும். பூ நடுங்கும், தூள் கொட்டி வண்டின் வயிறு மஞ்சளாகும், அடுத்த பூவுக்குப் போய்விடும். எல்லாம் சேர்த்துச் சில நொடிதான். முதலில் எனக்குச் சத்தம் மாறுவதே புரியவில்லை, இப்போது அறைக்குள் இருந்தாலும் அது பறக்கிறதா பூவில் தொங்குகிறதா என்று காதை வைத்தே சொல்லிவிடுவேன். வண்டு வராத நாளில் நானே பூக்காம்பை விரலால் சுண்டிவிடுகிறேன், காய் பிடிக்கிறது. இந்தத் திறமைக்கெல்லாம் யாரும் சம்பளம் தரமாட்டார்கள், ஆனால் காலையில் எழுந்ததும் கால் தானாகத் தோட்டத்துப் பக்கம் போகிறது.

இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும் பிடித்தது என்று நினைக்காதே. டார்வின் தெரியுமே, உலகத்தைச் சுற்றி வந்தவர், அவர் 1837-ல் மண்புழுவைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார், அப்புறம் 1881-ல், இறப்பதற்கு முந்தின வருடம், மண்புழுவைப் பற்றியே ஒரு புத்தகம் போட்டார். இடையில் 44 வருடம். வீட்டில் தன் அறையிலேயே தொட்டிகளில் புழு வளர்த்தார், அவற்றுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க வீட்டில் இருந்தவர்களை வாத்தியம் வாசிக்கச் சொன்னார், அவை கண்டுகொள்ளவே இல்லை. தொட்டியைத் தூக்கிப் பியானோ மேலேயே வைத்து ஒரு கட்டையைத் தட்டினால் மட்டும் அதிர்வு தெரிந்து சடாரென்று வளைக்குள் போய்விட்டன. எழுபது வயது தாண்டிய மனிதர் இதற்காக வீட்டையே வேலை வாங்கியிருக்கிறார் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவர் மனைவி பாவம் என்றாள்.

அம்மாவுக்குத் தோட்டம் பிடிக்காது, நீ நினைக்கிற மாதிரி நாங்கள் இருவரும் கைகோத்துக்கொண்டு செடி பார்ப்பதெல்லாம் இல்லை. கொசு கடிக்கிறது, கை அழுக்காகிறது என்பாள், நியாயம்தான். அவளுடைய சமாசாரங்கள் வீட்டுக்குள்ளே இருக்கின்றன. கூடத்து ஜன்னல் வழியாக வரும் வெயில் கட்டம் இருக்கிறதே, அது வருடம் முழுக்க ஒரே இடத்தில் விழாது. உச்சியில் சூரியன் வடக்கும் தெற்குமாகக் கிட்டத்தட்ட 47 பாகை போய்ப் போய் வருகிறது, அதற்கு ஏற்ப அந்தக் கட்டமும் தரையில் நகர்ந்து, சில மாதம் நாற்காலியில், சில மாதம் சுவரில், ஒரு சில வாரம் மட்டும் புத்தக அலமாரியின் மேல்தட்டு வரை போகிறது. அலமாரிக்கு அது வந்துவிட்டால் அம்மா மதியம் வேலையை முடித்துவிட்டு அங்கே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள். யாரும் அந்த நேரத்தில் அவளைக் கூப்பிடக் கூடாது. நானும் கூப்பிடுவதில்லை. அப்புறம் துணி. வெயிலில் காய்ந்த போர்வையை எடுத்து வந்ததும் முகத்தில் ஒரு தடவை அழுத்தி மோந்து பார்க்காமல் மடிக்கமாட்டாள், சின்ன வயதில் நீயும் அப்படித்தான். ஈரத்துணியில் வெயில் பட்டால் ஆல்டிஹைடு என்கிற நல்ல வாசமுள்ள சில வேதிப்பொருள்கள் உண்டாகின்றன, வீட்டுக்குள் உலர்த்தினால் அவ்வளவு வருவதில்லை என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். உன் வீட்டில் டிரையர் இருக்கிறது, தெரியும். வாரத்தில் ஒரு போர்வையையாவது பால்கனியில் போட்டுப் பார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது எது என்று கேட்டால் வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கும். மழை விட்ட மறுநாள் களை பிடுங்குவது. காய்ந்த மண்ணில் இழுத்தால் களை பாதியில் அறுந்து வேர் உள்ளேயே தங்கிவிடும், எரிச்சல் வரும். மழைக்கு அப்புறம் அடியைப் பிடித்து மெதுவாக இழுத்தால் போதும், மண் இளகி, நுனி வேர் வரைக்கும் முழுசாகக் கழன்று வரும். கூடவே மண்வாசம். மண்ணில் இருக்கும் ஒருவகை பாக்டீரியா ஜியோஸ்மின் என்ற ஒன்றை உண்டாக்குகிறது, அந்த வாசத்தில் பெரிய பங்கு அதற்குத்தான், ஒரு லட்சம் கோடியில் சில பங்கு கலந்திருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். மூக்கு வேலை செய்யும், ஆனால் நாம் அங்கே இருக்க வேண்டும். இதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை, அந்த நேரத்தில் வேறு எங்கேயோ மனதை வைத்துக்கொண்டிருக்காமல் இருந்தால் சரி.

இதைப் படித்துவிட்டு உடனே இருபது தொட்டி, தானாகத் தண்ணீர் விடும் கருவி, தினமும் நன்றி எழுத ஒரு நோட்டு என்று ஆரம்பித்துவிடாதே, உன்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதுவும் இன்னொரு வேலையாகி, ஒரு நாள் விட்டால் குற்ற உணர்ச்சி வந்து, கடைசியில் செடியைப் பார்த்தாலே கோபம் வரும். போட்டோ எடுப்பதும் அப்படித்தான். எடு, நானும் எடுக்கிறேன், முதலில் பார்த்துவிட்டு எடு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அப்பாவாகச் சொல்ல வேண்டியது. நீ சொன்னது வெறும் சலிப்பு என்று நினைத்துத்தான் இவ்வளவும் எழுதினேன். அப்படி இல்லாமல், எதிலுமே மனம் ஒட்டாமல், தூக்கமும் பசியும் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் அதே நிலை என்றால் அதற்குச் செடியும் வெயிலும் மருந்து ஆகாது. டாக்டரைப் பார். எங்களிடம் சொல்லாமல் பார்ப்பது சுலபம் என்றால் அப்படியே பார், அப்புறம் சொன்னால் போதும்.

பால்கனியில் எத்தனை மணி நேரம் நேர் வெயில் விழுகிறது என்று ஒரு நாள் பார்த்து எழுது, அதை வைத்து என்ன வளர்க்கலாம் என்று சொல்கிறேன். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் இருந்தால் தக்காளியே வைக்கலாம், ஆழமான தொட்டியாக வாங்கு, நாற்றை நடும்போது கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டில் பாதியை மண்ணுக்குள் புதை, புதைத்த தண்டிலிருந்தும் வேர் விடும். வெயிலே விழாது என்றால் தக்காளிக்கு ஆசைப்படாதே, மணி பிளான்ட் தண்டில் கணு உள்ளதாக ஒரு துண்டு வாங்கிக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் விட்டு அறைக்குள் வெளிச்சம் வருகிற இடத்தில் வை, வேர் விடுவது வெளியிலிருந்தே தெரியும். ஒன்று போதும். தண்ணீரை வாரத்துக்கு ஒரு தடவை மாற்று, இல்லாவிட்டால் கொசு வந்துவிடும், அப்புறம் உன் அம்மா என்னைத்தான் திட்டுவாள்.

அன்புடன்,
அப்பா