கருகிய மிளகுக்கொடியும் பொங்கல் சுண்ணாம்பும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி எனக்கும்தான், அதை விடு. மிளகுக்கொடிக்கு, பூஞ்சாண நோய்க்கான போர்டோ கலவை (மயில்துத்தம் என்ற தாமிர உப்பும் சுண்ணாம்பும் கலந்த மருந்து) அடித்த மூன்றாம் நாளே இலையெல்லாம் கருகிவிட்டதாக எழுதியிருக்கிறாய். மயில்துத்தம் போலியாக இருக்குமோ என்று உனக்குச் சந்தேகம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடித்து மிஞ்சின சுண்ணாம்பைத்தான் போட்டேன் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதில்தான் கோளாறு.

காளவாயில் கிளிஞ்சலைச் சுட்டால் கரியமிலவாயு போய், 100 கிலோவுக்கு 56 கிலோ சுண்ணாம்புதான் மிஞ்சும். வாய் கட்டாத மூட்டையில் மாதக்கணக்கில் கிடந்தால், காற்றிலிருந்து ஈரத்தையும் அதே வாயுவையும் இழுத்துக்கொண்டு பழையபடி கிளிஞ்சல் தூளாகிவிடும். சுவரில் அடித்த வெள்ளை இறுகுவதே இதனால்தான். ஆனால் மயில்துத்தக் கரைசல் அமிலம்; அதை அடக்க உயிருள்ள சுண்ணாம்பு வேண்டும். அடங்காத தாமிரம் இலையைச் சுட்டுவிடும்.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் சுண்ணாம்பு நீருக்குள் ஊதச் சொன்னார்களே, நினைவிருக்கிறதா? எல்லோருக்கும் பால்போல வெளுத்தது. நீ நிறுத்தாமல் ஊதி அதை மறுபடி தெளியவைத்துவிட்டுத் திட்டு வாங்கினாய். பாவம், அதுவும் சரியான வேதியியல்தான்!

மூட்டையில் ஒரு சிட்டிகை எடுத்து எலுமிச்சைச் சாறு விட்டுப் பார். நுரைத்துப் பொங்கினால் அது செத்த சுண்ணாம்பு. புதிதாகச் சுட்ட கல் வாங்கி நீற்றிக்கொள்; கொதிக்கும், கண்ணில் தெறிக்காமல் பார். ஒரு கிலோ துத்தம் 50 லிட்டரில், ஒரு கிலோ சுண்ணாம்பு இன்னொரு 50 லிட்டரில். துத்தத்தைச் சுண்ணாம்புப் பாலில் கலக்கிக்கொண்டே ஊற்று, மாற்றி ஊற்றாதே. பிளாஸ்டிக் டிரம் போதும், இரும்பு வாளி கூடாது. அப்புறம் தீட்டின கத்தியை அதில் ஒரு நிமிடம் முக்கிப் பார். செம்பு படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர். அன்றைக்கே அடித்து முடித்துவிடு.

இதற்கு ஊர்ப்பெயர் வந்த கதை தெரியுமா? பிரான்சில் போர்டோ பக்கம், பாதையோரத் திராட்சையைத் திருடாமல் இருக்க இந்த நீலத்தைப் பூசி வைப்பார்களாம். அந்தக் கொடிகளில் மட்டும் பூஞ்சாண நோய் இல்லாததை 1882-இல் மில்லார்டே என்ற தாவரவியலாளர் கவனித்திருக்கிறார்.

கத்தி என்ன சொன்னது என்று எழுது. இந்த வருஷமாவது அரைப்படி மிளகு அனுப்புவாயா?

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்